மெஸ்ஸியின் 6 ஆட்டங்கள், என் 6 தப்புகள்

2023 ஆகஸ்ட் 26. நியூ ஜெர்சி ஹாரிசனில் ரெட் புல் அரீனா. எங்கள் அணியான ரெட் புல்ஸின் சொந்த மைதானம்தான், ஆனால் அன்றைக்குப் பார்த்த இடமெல்லாம் இன்டர் மயாமியின் இளஞ்சிவப்புச் சட்டை. 60ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி மாற்று வீரராக இறங்கியபோது ரெட் புல்ஸ் ரசிகர்களே எழுந்து நின்று போனைத் தூக்கிக்கொண்டார்கள். நானும் தூக்கினேன், மறைப்பானேன். 89ஆவது நிமிடத்தில் அவர் ஒரு கோல் போட்டார். எம்எல்எஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அவருடைய முதல் ஆட்டம், முதல் கோல். மயாமி 2, நாங்கள் 0.

திரும்பி வரும்போது பாத் ரயிலில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அண்ணன் கேட்டார்: "தோத்தது தோத்தாச்சு. ஆனா நம்ம பசங்க அவ்ளோ மோசமா ஆடலையே தம்பி, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

இவர் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. வியாசர்பாடியில் லெஃப்ட் விங் ஆடி வளர்ந்தவர். அவருக்குத் தோன்றுவதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. மறுநாள் காலை செய்தித்தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் மெஸ்ஸி. ரெட் புல்ஸ் எத்தனை ஷாட் அடித்தார்கள், எங்கிருந்து அடித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அமெரிக்க சாக்கரைப் பின்தொடர்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மற்ற விளையாட்டுகளுக்கு இருக்கும் அளவு நிருபர்கள் இதற்குக் கிடையாது. விவரமான எழுத்தை ரசிகர்களேதான் செய்துவந்தார்கள், பெரும்பாலும் வேலை முடிந்து வந்த இரவுகளில். அவர்களில் பலர் எஸ்பி நேஷன் என்ற விளையாட்டு வலைத்தளக் குடையின் கீழ் அணிக்கு ஒரு தளம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் அதன் உரிமையாளரான வாக்ஸ் மீடியா பெரும்பாலான எம்எல்எஸ் அணித் தளங்களுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. சிலர் தனியாகக் கடை போட்டார்கள், சிலர் ஓய்ந்துபோனார்கள். எண்கள் பக்கம் மட்டும் தெம்பாக இருந்தது. அமெரிக்கன் சாக்கர் அனாலிசிஸ் என்ற தன்னார்வக் குழு எம்எல்எஸ், பெண்களுக்கான என்டபிள்யூஎஸ்எல், கீழ்நிலை யுஎஸ்எல் என்று எல்லாவற்றுக்கும் எக்ஸ்ஜி (ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோல் வாய்ப்பு எவ்வளவு என்ற எண்) போட்டு இலவசமாகவே தருகிறது. அதைப் பைத்தான் நிரல்மொழியில் எடுத்துக்கொள்ள அவர்கள் வெளியிட்ட நிரல் பொட்டலத்தின் பெயர் 'இட்ஸ் கால்ட் சாக்கர்'. ஃபுட்பாலா சாக்கரா என்ற சண்டையை இப்படியும் முடிக்கலாம்.

அவர்கள் எண்ணை எடுத்து அண்ணனிடம் காட்டியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று அவர் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. சொந்தமாக ஒன்று செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றி ரொம்ப நாள் சும்மா கிடந்தது. கடைசியில் ஒரு குளிர்காலத்தில் உட்கார்ந்தேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை இங்கே லீக் கிடையாது, ஞாயிறு இரவுகள் காலி.

எக்ஸ்ஜி என்றால் எதிர்பார்ப்பு கோல். ஒரு ஷாட்டின் விவரத்தைக் கொடுத்தால், அந்த மாதிரி ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று 0க்கும் 1க்கும் நடுவில் ஒரு எண் வரும். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.78. அதாவது நூறு பெனால்டியில் 78 உள்ளே போகும். அணியின் எல்லா ஷாட்டையும் கூட்டினால் அன்றைக்கு அவர்கள் உண்டாக்கிய வாய்ப்பின் கனம் தெரியும். இவ்வளவுதான் தத்துவம்.

சரக்கு

தரவு ஸ்டேட்ஸ்பாம்ப் நிறுவனத்துடையது. இப்போது ஹடல் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது, 2024இல் வாங்கினார்கள். காசு கொடுப்பவர்களுக்குத்தான் முழுத் தரவு. ஆனால் கொஞ்சத்தைக் கிட்ஹப் தளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதில் 2023 எம்எல்எஸ்ஸிலிருந்து 6 ஆட்டங்கள் உண்டு. அந்த ஆண்டு மெஸ்ஸி ஆடிய 6 லீக் ஆட்டங்கள்: ரெட் புல்ஸ், நாஷ்வில், எல்ஏஎஃப்சி, டொராண்டோ, சின்சினாட்டி, சார்லட். நான் போன ஆட்டமும் உள்ளே இருந்தது. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தில்தான் வேலையே ஆரம்பித்தது. (படம் போட்டு வெளியிட்டால் அவர்கள் பெயரையும் சின்னத்தையும் போட வேண்டும் என்பது நிபந்தனை. நியாயம்தான்.)

பழைய ஷாட்டுகளையும் அவை கோலானதா என்பதையும் காட்டித்தான் இந்தக் கணக்கைப் பழக்க முடியும், 6 ஆட்டம் அதற்குப் போதாது. ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்துச் சராசரியாக 25 ஷாட், அதில் பத்தில் ஒன்றுதான் கோல். ஆறு ஆட்டம் என்றால் பதினைந்து கோல் தேறினாலே அதிகம். அதனால் பழக்குவதற்கு 2018, 2022 ஆண்கள் உலகக்கோப்பைகள், 2019, 2023 பெண்கள் உலகக்கோப்பைகள், கூடவே யூரோ போட்டிகள் என்று எடுத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்க, கலக்காமல் தனியாக எடுத்து வைத்தது இரண்டு: அந்த 6 எம்எல்எஸ் ஆட்டங்கள், அப்புறம் 2018 என்டபிள்யூஎஸ்எல் தொடரின் ஒரு பகுதி.

2018ஐப் பார்த்ததும் கொஞ்சம் வலித்தது. எங்கள் பக்கத்து அணியான ஸ்கை புளூ அப்போது பிஸ்காட்டவேயில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மைதானத்தில் ஆடியது. அந்தத் தொடரில் 24 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அதே அணி 2021இல் காதம் எஃப்சி என்று பெயர் மாற்றி, ஹாரிசனுக்கு வந்து, 2023இல் லீக் கோப்பையையும் தூக்கிவிட்டது. திறந்த தரவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்கள்தான் என்பதால் அந்த ஒற்றை வெற்றித் தொடரை எண்ணால் அலசும் ஆசையை அங்கேயே மூட்டை கட்டினேன்.

ஒவ்வொரு ஆட்டமும் ஜேசான் வடிவில் ஒரு தரவுக் கோப்பு. பாஸ், தடுப்பு, ஓட்டம் என்று மூவாயிரத்துக்கு மேல் நிகழ்வுகள். மைதானம் 120க்கு 80 என்ற கட்டம், கஜக் கணக்கு. அடிக்கிற அணி எப்போதும் இடமிருந்து வலமாகப் போகும். கோல் 120ஆவது கோட்டில், 36க்கும் 44க்கும் நடுவில், 8 கஜ அகலம்.

நிஜ மைதானங்கள் எல்லாம் 120க்கு 80 இல்லை. நியூயார்க் சிட்டி எஃப்சி யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்துக்குள் புல்லை விரித்து ஆடுகிறது, அங்கே 110க்கு 70. ஒரு ஓரத்தில் ஆடும் விங்கருக்கு இடமே இருக்காது. அந்த நெருக்கடி இந்தக் கட்டத்துக்குள் வந்தால் காணாமல் போய்விடும். என்னிடம் இருந்த ஆறில் அந்த மைதானம் இல்லை, பிழைத்தேன்.

தூரம் மட்டும் போதாது

முதல் ஞாயிறு ஒரே ஒரு விஷயத்தை வைத்து ஆரம்பித்தேன்: ஷாட் அடித்த இடத்துக்கும் கோலின் நடுவுக்கும் உள்ள தூரம். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம், இல்லை என்ற விடைக்கு வாய்ப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறை), பத்து வரி நிரல், இரண்டு நொடியில் விடை. பெருமையாக ஒரு படத்தை அச்சடித்து அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு புள்ளிகளைத் தொட்டார். ஒன்று பெனால்டி புள்ளிக்குப் பக்கத்திலிருந்து அடித்தது. இன்னொன்று கோலை ஒட்டியுள்ள சின்னப் பெட்டியின் மூலையிலிருந்து அடித்தது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்.

"பக்கத்துல இருந்தா மட்டும் போதுமா தம்பி? இந்த மூலையில நின்னு அடிச்சா கீப்பர் கால்லதான் படும். எத்தனை வாட்டி அடிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெனால்டி புள்ளி கோலிலிருந்து 12 கஜம். சின்னப் பெட்டியின் மூலை கோட்டிலிருந்து 6 கஜம் முன்னால், நடுவிலிருந்து 10 கஜம் தள்ளி. அங்கிருந்து கோலின் நடுவுக்கு 11.66 கஜம். தூரத்தை மட்டும் பார்த்தால் மூலைதான் கொஞ்சம் நல்ல இடம்! ஆனால் பந்து இருக்கும் இடத்திலிருந்து இரண்டு போஸ்ட்டுக்கும் கயிறு கட்டினால், பெனால்டி புள்ளியில் கயிறுகளுக்கு நடுவே 36.9 டிகிரி. மூலையில் 21.8 டிகிரிதான். அண்ணனின் காலுக்குத் தெரிந்தது இந்த 15 டிகிரி.

கோணத்தைச் சேர்த்தேன். தலையால் முட்டியதா காலால் அடித்ததா என்பதையும் சேர்த்தேன். ஒரே இடத்திலிருந்து தலையால் முட்டுவது காலால் அடிப்பதைவிடக் கஷ்டம், இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஓரத்திலிருந்து தூக்கிப் போடும் கிராஸை நம்பி ஆடும் அணிகளுக்குச் சும்மா எண் ஏறிவிடும். நேரடி ஃப்ரீ கிக்கில் முன்னால் எதிரணி வீரர்கள் சுவராக நிற்கிறார்கள் என்பதால் அதற்குத் தனி அடையாளம் போட்டேன்.

இரண்டாவது தப்பை மகள் பிடித்தாள். அவளுக்குப் பதினொரு வயது, டிஃபெண்டர், 2022 உலகக்கோப்பை இறுதி ஆட்டம் மனப்பாடம். திரையில் அந்த ஆட்டத்தின் வரிசை ஓடிக்கொண்டிருந்தது: அர்ஜென்டினா 7, பிரான்ஸ் 5.

"அப்பா, அது மூணு-மூணு."

"ஆமா."

"அப்புறம் எப்படி ஏழு?"

நான் ஷாட் என்று இருந்ததை எல்லாம் அள்ளிப் போட்டிருந்தேன். கூடுதல் நேரம் முடிந்தபின் நடந்த பெனால்டி ஷூட்அவுட்டும் அதே கோப்பில்தான் இருக்கிறது, 5ஆவது பகுதி என்ற அடையாளத்தோடு. 1, 2 என்பவை இரண்டு பாதிகள், 3, 4 கூடுதல் நேரம், 5 ஷூட்அவுட். அன்றைக்கு அர்ஜென்டினா அடித்த நான்கும் கோல், பிரான்ஸ் அடித்த நான்கில் இரண்டு கோல். 3+4, 3+2. அந்த 8 உதையால் மட்டும் 6க்கு மேல் எக்ஸ்ஜி அனாமத்தாக ஏறியிருந்தது. உலகக்கோப்பைகளின் ஷூட்அவுட்டுகள் எல்லாம் சேர்ந்து என் கணக்கு மாதிரிக்கு (மாடலுக்கு) ஒரு மூடநம்பிக்கையையே ஊட்டியிருந்தன: 12 கஜத்தில் நேராக நின்று அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு கோல். ஆட்டத்தின் நடுவே அந்த இடத்தில் நிற்பவனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

5ஆவது பகுதியைத் தூக்கி எறிந்தேன். ஆட்டத்துக்குள் வரும் பெனால்டிகளையும் பிரித்து, அவற்றுக்கு 0.78 என்று நிலையான எண் கொடுத்துவிட்டேன். 1996இல் தொடங்கிய எம்எல்எஸ் முதல் நான்கு தொடர்களில் டிராவையே ஒப்புக்கொள்ளாமல், 35 கஜத்திலிருந்து பந்தை ஓட்டிவந்து 5 நொடிக்குள் கீப்பரைத் தாண்டி அடிக்க வேண்டும் என்று ஒரு ஷூட்அவுட் வைத்திருந்தது. அந்தக் காலத் தரவு கைக்கு வராததும் நல்லதுக்குத்தான்.

கோட்டில் நின்று தட்டினால் பூஜ்யமா?

மூன்றாவது தப்புதான் என்னை அதிகம் படுத்தியது. ஒரு வாரம் போனது.

எக்ஸ்ஜி குறைவான ஷாட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். 40 கஜத்திலிருந்து ஆசைக்கு அடித்தவை எல்லாம் அடியில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தன. அவற்றோடு தோளோடு தோளாக, கோல் கோட்டிலிருந்து இரண்டு மூன்று கஜத்தில் நின்று சும்மா தட்டிவிட்டவையும் இருந்தன. பாட்டிகூடப் போடக்கூடிய கோலுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்.

தரவு தப்போ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை. தலையடி அடையாளம் மாறிவிட்டதோ? இல்லை. நிரலை இரண்டு தடவை புதிதாக எழுதினேன், அதே சூத்திரத்தை வைத்து இரண்டு தடவையும் அதே தப்பைச் செய்தேன். கடைசியில் ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துத் தாளில் கையால் போட்டேன். கோலுக்கு நேர் எதிரே, 3 கஜம்.

கோணத்துக்கான சூத்திரம் இப்படி. கோட்டிலிருந்து முன்பக்கத் தூரத்தை 8ஆல் பெருக்க வேண்டும், அது மேலே. முன்பக்கத் தூரத்தின் வர்க்கத்தோடு பக்கவாட்டுத் தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி 16ஐக் கழிக்க வேண்டும், அது கீழே. மேலதைக் கீழதால் வகுத்து ஆர்க்டான் (டான் மதிப்பிலிருந்து கோணத்துக்குத் திரும்பும் சார்பு) எடுத்தால் கோணம். பெனால்டி புள்ளிக்கு: மேலே 96, கீழே 144 கழித்தல் 16, அதாவது 128. வகுத்தால் 0.75, கோணம் 36.9. சரி. இப்போது 3 கஜம்: மேலே 24. கீழே 9 கழித்தல் 16. மைனஸ் 7.

மைனஸ்! வகுத்தால் மைனஸ் 3.43, ஆர்க்டான் கொடுப்பது மைனஸ் 73.7 டிகிரி. உண்மையான கோணம் 106.3. கோலின் நடுவிலிருந்து 4 கஜத்துக்குள் வந்துவிட்டால் கோணம் 90ஐத் தாண்டும், சாதாரண ஆர்க்டானுக்கு 90க்கு மேல் தெரியாது, திரும்பி மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். கோலுக்கு மிக அருகில் நின்றவனைத்தான் என் கணக்கு கோலுக்குப் பின்னால் அனுப்பியிருக்கிறது. மேலதையும் கீழதையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் ஆர்க்டான்-2 என்ற இன்னொரு சார்பு பைத்தானில் இருக்கிறது. பெயரில் ஒரு 2 சேர்த்து, வகுக்காமல் இரண்டையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றி ஓட்டியதும் தட்டிவிட்ட கோல்கள் எல்லாம் லிஃப்ட்டில் ஏறியதுபோல் உச்சிக்குப் போயின.

இதில் ஒரு பாடாவதி விஷயம் உண்டு. அவ்வளவு நெருக்கத்தில் அடிக்கப்படுபவை குறைவு என்பதால் மொத்தத் துல்லியம் பார்க்கும் அளவுகளில் இந்தத் தப்பு பெரிதாகத் தெரியவே இல்லை. 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தன.

நான்காவது சின்னது, எண்ணே காட்டிக்கொடுத்தது. ஒரு தாக்குதலில் முதல் ஷாட்டைக் கீப்பர் தட்டுகிறார், திரும்பி வந்ததை இன்னொருவர் அடிக்கிறார், அது டிஃபெண்டர் மேல் பட்டு மூன்றாவது ஆள் அடிக்கிறார். 0.35, 0.45, 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1.3 கோல். ஒரே தாக்குதலில் ஒன்றே கால் கோல் எப்படிப் போட முடியும்? கோல் விழாமல் போகும் வாய்ப்புகளைப் பெருக்கி ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்: 0.65, 0.55, 0.5 பெருக்கினால் 0.18, ஆக 0.82. ஆளுக்குத் தனித்தனியாகக் கணக்கு வைக்கும்போது பழைய எண், அணிக்குப் போடும்போது இந்த எண்.

கொஞ்சம் பெரிய வேலையையும் இதே சமயத்தில் செய்தேன். ஸ்டேட்ஸ்பாம்ப் தரவில் ஒவ்வொரு ஷாட்டோடும் அந்த நொடியில் யார் யார் எங்கே நின்றார்கள் என்ற உறைந்த காட்சி ஒன்று உண்டு. பந்தும் இரண்டு போஸ்ட்டும் சேர்ந்து ஒரு முக்கோணம். அதற்குள் எத்தனை எதிரணி வீரர்கள், கீப்பர் உள்ளே இருக்கிறாரா வெளியே போய்விட்டாரா என்று எண்ணிச் சேர்த்தேன். மாதிரி ஒரே நாளில் புத்திசாலி ஆனது. தரவிலேயே ஸ்டேட்ஸ்பாம்ப் போட்ட எக்ஸ்ஜியும் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையது முன்பைவிட நன்றாகவே ஒட்டி வந்தது.

அமெரிக்கன் சாக்கர் அனாலிசிஸ்காரர்கள் இதையும் தாண்டி 2020இல் கோல்ஸ் ஆடட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஷாட் மட்டுமல்ல, பாஸ், பந்தை வாங்குவது, ஓட்டுவது, மறிப்பது, ஃபவுல் என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் மதிப்புப் போடும் கணக்கு. என் லேப்டாப் விசிறி இருக்கும் நிலைமைக்கு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

செயின்ட் லூயிஸ் பஞ்சாயத்து

கணக்கு ஓட ஆரம்பித்ததும் அண்ணன் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டார். "செயின்ட் லூயிஸை என்ன பண்ணுவ?"

நியாயமான கேள்வி. 2023இல் செயின்ட் லூயிஸ் சிட்டி புது அணி. முதல் 5 ஆட்டங்களையும் வென்றது, எந்தப் புது அணியும் எம்எல்எஸ்ஸில் அப்படி ஆரம்பித்ததில்லை. எக்ஸ்ஜி பார்ப்பவர்கள் எல்லாம் இது நிற்காது, வாய்ப்பை மீறி கோல் விழுகிறது, இறங்கிவிடுவார்கள் என்றார்கள். வசந்தம் போனது, கோடை போனது, இறங்கவில்லை. 56 புள்ளியோடு மேற்குப் பிரிவில் முதலிடம், 62 கோல். அமெரிக்கன் சாக்கர் அனாலிசிஸ் பொட்டலத்திலிருந்து அந்தத் தொடரை இறக்கிப் பார்த்தேன். எக்ஸ்ஜி வெகுவாகக் கீழே.

பிளேஆஃப் முதல் சுற்றில் எட்டாம் இடத்திலிருந்து வந்த ஸ்போர்ட்டிங் கான்சாஸ் சிட்டியிடம் 1–4, 1–2 என்று இரண்டு ஆட்டமும் தோற்றார்கள். அடுத்த ஆண்டு மேற்கில் 12ஆம் இடம், நடுவிலேயே பயிற்சியாளர் மாற்றம்.

"பார்த்தீங்களா, கணக்கு சரிதானே?" என்றேன்.

"ஒரு வருஷம் முழுக்கத் தப்பா இருந்துச்சே, அதை எந்தக் கணக்குல எழுதுவ?"

எனக்குப் பதில் பாதிதான் இருந்தது. அழுத்தி ஆடி எதிரணியைத் தடுமாற வைத்து, டிஃபென்ஸ் கலைந்து கிடக்கும்போது அடித்த கோல்கள் நிறைய. தூரமும் கோணமும் மட்டும் பார்க்கும் மாதிரிக்குக் கலைந்த டிஃபென்ஸும் கட்டுக்கோப்பான டிஃபென்ஸும் ஒன்றுதான். பின்னால் ரோமன் பூர்க்கி, அந்த ஆண்டின் சிறந்த கீப்பர் விருது வாங்கியவர், அடிப்பதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அந்த மிச்சம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் பத்து வரி நிரலுக்கு யோக்கியதை இல்லை. முக்கோணத்துக்குள் ஆள் எண்ணும் வேலையைச் செய்யத் தூண்டியதே இந்தப் பஞ்சாயத்துதான்.

கொம்பு எங்கே?

எங்கள் பிள்ளைகள் ஆடும் அணியின் தமிழ் அப்பாக்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அங்கே வாரம் ஒரு ஆட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஷாட் படத்தோடு போடுவது என்று முடிவு. இதுவும் ஒரு வகை சுதந்திரப் பத்திரிகைதான், விற்பனை பதினைந்து பிரதி.

முதல் படத்தில் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டங்கள். படம் வரையும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப்பின் வழக்கமான எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டேன். எழுத்து வந்தது, கொம்பு இடம் மாறி வந்தது. 'மெஸ்ஸி'யின் கொம்பு மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, 'மஸெஸி' என்று படிக்கத் தோன்றியது. 'கோல்' இன்னும் கேவலம். நாம் தட்டும் வரிசையில் மெய் முதலில், கொம்பு பிறகு. அதை முன்னால் இழுத்து வைப்பது எழுத்தை அடுக்கும் இன்னொரு மென்பொருளின் வேலை, நான் வைத்திருந்த பதிப்பில் இந்த நூலகம் அதைக் கூப்பிடவே இல்லை.

படத்தைப் பிஎன்ஜியாகச் சேமிக்காமல் எஸ்விஜியாக, எழுத்தை எழுத்தாகவே விட்டு வைக்கும்படி அமைப்பை மாற்றிச் சேமித்தேன். பிரவுசரில் திறந்தால் பிரவுசர் கொம்பைச் சரியான இடத்தில் வைத்துக் காட்டுகிறது. அங்கே ஒரு ஸ்கிரீன்ஷாட். நாகரிகமான வழி இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. மைதானக் கோடுகளுக்கு எம்பிஎல்சாக்கர் என்ற நல்ல நூலகம் இருந்தும், எழுத்து வம்பில் பாதியில் வெறுத்துப்போய்க் கோடுகளையும் நானே வரைந்துகொண்டேன். அந்தத் திமிருக்கான விலை மூன்று வாரம் கழித்து வந்தது.

முதல் பதிவு ஹாரிசன் ஆட்டம். அண்ணனின் ரயில் கேள்விக்குப் பதிலாக இரண்டு அணிகளின் ஷாட்டுகளையும் ஒரே படத்தில் போட்டேன். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மேட்ச்சை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நீயே எழுதியிருக்க, அப்புறம் எதுக்கு படம்?" என்றார். ஆனால் சேமித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் நாஷ்வில் 0–0. அதற்கடுத்த வாரம் மெஸ்ஸியின் 6 ஆட்ட ஷாட்டுகளையும் ஒரே மைதானத்தில் குவித்து ஒரு படம். குழுவில் கைதட்டல், நெருப்பு, ஆட்டுத் தலை என்று எமோஜி பொம்மைகள் குவிந்தன.

இரவு பதினொரு மணிக்கு அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு.

"தம்பி, மெஸ்ஸி ரைட் சைடுல இருந்து உள்ள வெட்டி லெஃப்ட் கால்ல அடிக்கிற ஆளு. உன் படத்துல எல்லாப் புள்ளியும் லெஃப்ட்ல நிக்குது. நான் லெஃப்ட் விங் ஆடினவன், அது என் இடம். அவரு எதுக்கு அங்க வராரு?"

எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்டேட்ஸ்பாம்பின் கட்டத்தில் பூஜ்யம் மேலே இடது மூலையில், எண் கீழ்நோக்கி ஏறும். நான் கையால் வரைந்த மைதானத்தில் பள்ளிக்கூடக் கிராஃப் தாள் மாதிரி பூஜ்யம் கீழே. மூன்று வாரமாக நான் போட்ட ஒவ்வொரு படத்திலும் இடதும் வலதும் மாறியிருந்தன. எக்ஸ்ஜியில் ஒரு தசமம்கூட மாறவில்லை. கோலின் நடுவிலிருந்து 10 கஜம் இடப்பக்கம் என்றாலும் வலப்பக்கம் என்றாலும் தூரமும் கோணமும் ஒன்றே. எந்தச் சோதனையிலும் இது சிக்கியிருக்காது.

80லிருந்து கழித்தேன். ஒரு வரி. மூன்று படங்களையும் திரும்ப ஓட்டி, பிரவுசரில் திறந்து, கொம்புகளைச் சரிபார்த்து, 'முன்பு அனுப்பியவற்றில் இடம் வலம் மாறிவிட்டது, அழித்துவிடவும்' என்ற குறிப்போடு குழுவில் போட்டபோது மணி ஒன்றரை. அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"இப்ப சரி," என்று வந்தது. கொஞ்சம் கழித்து, "நம்ம ஆளுங்க ஷாட்டையும் திருப்பிட்டியா?"